எந்தக் குழிக்கு அனுமதிச்சீட்டு? 1948 முதல் 2013 வரை

தில்லி மெட்ரோவின் பிங்க் தடத்தில் மோதி பாக்கை அடுத்த நிலையம் பிகாஜி காமா பிளேஸ். கெயில், இன்ஜினியர்ஸ் இந்தியா ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் தலைமையகங்கள் அங்கேதான் உள்ளன. அந்நிறுவனங்கள் புழங்கும் எண்ணெய், எரிவாயு ஆலைகளில் 'ஹாட் வொர்க் பெர்மிட்' கையில் இல்லாமல் வெல்டர் வேலையைத் தொடங்க முடியாது. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் 105-ஆம் தரநிலை இத்தகைய அனுமதிச்சீட்டு முறைக்கென்றே எழுதப்பட்டது. ஒரு நிலையம் தள்ளி, மோதி பாக்கின் அரசுக் குடியிருப்புகளையும் தமிழ்ப் பள்ளியையும் ஒட்டிய தெருக்களில் சாக்கடை மேன்ஹோலுக்குள் இறங்குபவரைப் பற்றி மத்தியச் சட்டம் பேச 2013 ஆனது.

அபாயம் தெரியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 36, தொட்டி, குழி, குழாய் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டது. நச்சுவாயு இருக்கக்கூடிய இடமென்றால், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் அணிந்திருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றமே தெரியாமல் போகும். சோதனைக்குக் கருவி வேண்டும் என்பது அதனால்தான்.

சிக்கல் 'தொழிற்சாலை' என்ற வரையறையில் இருந்தது. அதே சட்டத்தின் பிரிவு 2(கே) கழிவுநீரை இறைப்பதையும் உற்பத்திச் செயல்முறை என்றது. ஆகவே, மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்த கழிவுநீர் இறைப்பு நிலையம் தொழிற்சாலை ஆனது. அதற்குக் கழிவுநீரைக் கொண்டுவந்த தெருக் குழாய் தொழிற்சாலை ஆகவில்லை. வாயு ஒன்றே, சுவருக்கு உள்ளே ஒரு நியாயம், வெளியே ஒரு நியாயம். போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின் 1987-இல் அபாயகரச் செயல்முறைகளுக்கென 4-ஏ அத்தியாயம் சேர்ந்தபோதும் இந்தச் சுவர் அசையவில்லை.

1993-இல் அமெரிக்கா வேறு அளவுகோலை எடுத்தது. ஆள் நுழையும் அளவு உண்டா, வெளியேறும் வழி குறுகலா, தொடர்ந்து இருப்பதற்காக அமைக்கப்படாத இடமா, உள்ளே காற்று கெடுமா, ஆள் புதைந்துபோக வாய்ப்புண்டா என்று இடத்தின் தன்மையை வைத்தே பெர்மிட் தேவையா என்று முடிவாகும். (கட்டுமானப் பணிக்கு இதை நீட்ட அங்கும் 2015 ஆயிற்று.) அதே 1993-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய இந்தியா இயற்றிய சட்டம் உலர் கழிப்பிடங்களோடு நின்றுவிட்டது.

பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாதுகாப்புக் கருவியோடு இறங்கவும் அதன் விதிகள் ஐந்து விலக்குகளையே தந்தன. மேன்ஹோலைத் திரும்பக் கட்டுவது, உறிஞ்சுகிணற்றின் அடியிலுள்ள நீர்மூழ்கி பம்பை எடுப்பது என நான்கு விலக்குகள் குறிப்பிட்ட வேலைகள். ஐந்தாவது, தவிர்க்கவே முடியாத நிலையில் உள்ளாட்சியின் தலைமைச் செயல் அலுவலர் காரணத்தை எழுதி அனுமதிப்பது. கருவிப் பட்டியலில் வாயுமானி இருக்கிறது. ஆனாலும் 1948-இல் கையெழுத்திட்டவர் குழியருகே நின்று காற்றைச் சோதித்தவர். ஐந்தாவது விலக்கில் கையெழுத்திடுபவர் மேசையில் இருப்பவர். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

2018 செப்டம்பரில் மேற்கு தில்லி மோதி நகரில், தனியார் அடுக்ககம் ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். அது தெருச் சாக்கடையும் அல்ல, ஆலையும் அல்ல. 2025 ஜனவரி 29 அன்று தில்லி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அடுக்ககத் தொட்டியில் இறங்கும்முன் காற்றைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டியவர் கட்டட உரிமையாளரா, ஒப்பந்தக்காரரா, உள்ளாட்சி அலுவலரா என்பதை விதிகள் இன்னும் தெளிவாக்க வேண்டும்.