சேமிப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கா? அவசரப்பட்டு டிஸ்க்கை உருவாதீர்கள்

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ, கணக்கர் அலுவலகம், ஆலய நிர்வாகம் எனப் பல இடங்களில் இப்போது மேசை ஓரமாக ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கிறது. இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாகக் கோப்புகளைச் சேமித்துத் தரும் 'நாஸ்' பெட்டி அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து வந்த பிறகு, பழைய தோட்டத் திருவிழாப் படங்களை ஸ்கேன் செய்து இதில் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு.

ஒரு நாள் அந்தப் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தும். சிவப்பு அல்லது ஆரஞ்சு விளக்கு எரியும். பழுதான டிஸ்க்கால் போகாத கோப்புகள், பதற்றத்தில் தவறான டிஸ்க்கை உருவுவதால் போய்விடும். எனவே, என்ன பழுது என்று தெரியும் வரை எதையும் கழற்றாதீர்கள்.

எத்தனை டிஸ்க் போனால் தாங்கும்?

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். ரெய்டு 1 முறையில் ஒரே கோப்பு இரண்டு டிஸ்க்குகளில் எழுதப்படுகிறது. ஒன்று போனாலும் மற்றது இருக்கும். ரெய்டு 5 ஒரு டிஸ்க் பழுதைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 0 எதையும் தாங்காது. ஒன்று போனால் எல்லாம் போகும். உங்கள் பெட்டி எந்த முறையில் உள்ளது என்பதை இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

டிஸ்க்கா, மின்சாரமா?

ஒரே ஒரு டிஸ்க் மட்டும் பழுது என்று காட்டினால், அந்த டிஸ்க்கையே முதலில் சந்தேகிக்கலாம். இரண்டு மூன்று டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் காணாமல் போனால், மின்சாரம் தரும் பகுதியை, அதாவது அடாப்டர் அல்லது பவர் சப்ளையை, முதலில் பாருங்கள். நேற்று வரை நன்றாக இருந்த பல டிஸ்க்குகள் ஒரே நிமிடத்தில் சேர்ந்து கெடுவது அரிது.

ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது, சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதனால் பலவீனமான அடாப்டர், பெட்டியைத் திறக்கும் நேரத்தில்தான் காலை வாரும். பெட்டி எரிந்து அணைந்து மீண்டும் எரிவது இதன் அறிகுறி. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்ற சத்தம் தொடர்ந்து வந்தால் டிஸ்க்கே கெட்டிருக்கலாம்.

நிர்வாகப் பக்கத்தில் 'ஸ்மார்ட்' அறிக்கை இருக்கும். அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள அளவு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் தட்டு கெடுகிறது. 199 மட்டும் ஏறினால் கேபிள் அல்லது இணைப்பில் கோளாறு இருக்கலாம். நல்ல டிஸ்க்கை வீணாகத் தூக்கி எறியாதீர்கள்.

மின்பகுதியைச் சோதித்தல்

பெட்டியை முறையாக அணைத்துவிட்டு, சுவர் சுவிட்ச், பிளக்கின் உள்ளே உள்ள ஃபியூஸ், கேபிள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அடாப்டரை மாற்றுவதென்றால் வோல்ட் அளவும் முனையின் பிளஸ், மைனஸ் அமைப்பும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பவர் சப்ளையைத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அலுவலகங்களில் உள்ள பெரிய பெட்டிகளில் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது ஓட்டும். கெட்டதை உடனே உருவி ஓட்டையாக விட்டால் குளிர்காற்று தடம் மாறிப் பெட்டி சூடேறும். புதியது கைக்கு வந்த பிறகு மாற்றுங்கள்.

டிஸ்க்கை மாற்றும் வரிசை

1. கோப்புகள் இன்னும் திறக்கின்றன என்றால், முக்கியமானவற்றை உடனே வெளி டிஸ்க்கிற்கு நகல் எடுங்கள்.

2. நிர்வாகப் பக்கத்தில் பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில பெட்டிகள் 1 என்றும் சில 0 என்றும் எண்ணத் தொடங்கும்.

3. கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் வரிசை எண் ஒட்டுங்கள்.

4. ஓடும்போதே டிஸ்க்கை மாற்றலாமா என்று கையேட்டில் பாருங்கள். கூடாதென்றால் முறையாக அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

5. புதிய டிஸ்க்கின் கொள்ளளவு பழையதற்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்க வேண்டும். 'எஸ்.எம்.ஆர்' வகை டிஸ்க் இந்த வேலையில் மிகவும் மெதுவாகும், 'சி.எம்.ஆர்' வகையைக் கேட்டு வாங்குங்கள்.

6. புதிய டிஸ்க்கில் கோப்புகள் மீண்டும் எழுதப்படும் வரை காத்திருங்கள். 4 டெராபைட் டிஸ்க்கிற்கு 7, 8 மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகள் முழு மூச்சாக உழைக்கும். வயதான இன்னொன்றும் அப்போது விழக்கூடும். முதலில் நகல் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

திரையில் 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று கேட்டால், உறுதியாகத் தெரியாமல் சரி என்று அழுத்தாதீர்கள். டிஸ்க்குகளில் உள்ளது அழிந்துவிடும்.

வருமுன் காக்க

இடி மின்னல் அதிகமுள்ள நாடு நம் நாடு. பெட்டியை யு.பி.எஸ் மூலம் இணைத்து, மின்சாரம் போனால் தானாக அணையும்படி அமையுங்கள். மின்னல் இணையக் கேபிள் வழியாகவும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

ரெய்டு என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டுமே காவல். தவறுதலாக அழித்த கோப்பு, வைரஸ், தீ, திருட்டு, வெள்ளம் எதையும் அது தடுக்காது. மாதம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். பெட்டியை மீண்டும் வாங்கலாம். தோட்டத்துப் படத்தை மீண்டும் எடுக்க முடியாது.