மேகத் தரவுத்தளத் தானியக்கம்

மேகத் தரவுத்தளத் தானியக்கம் என்பது, மேகக் கணினிச் சேவைகளில் தரவுத்தளங்களை உருவாக்குவது, பட்டியலிடுவது, மாற்றுவது, நீக்குவது ஆகியவற்றைக் கைப்படச் செய்யாமல் நிரல் வழியே செய்யும் முறையாகும். இவ்வேலைகளை வரிசையாகக் கோத்து, ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் தொடங்குமாறு அமைத்த தொடர் பணிப்பாய்வு எனப்படும்.

வரலாறு

அமேசான் நிறுவனம் 2009 அக்டோபரில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் ஆர்டிஎஸ் என்ற மேகத் தரவுத்தளச் சேவையைத் தொடங்கியது. சர்வர் வாங்கி, மென்பொருள் நிறுவி, காப்புநகலுக்கு ஏற்பாடு செய்யும் வேலை ஓர் ஏபிஐ அழைப்புக்குள், அதாவது நிரலிலிருந்து அனுப்பும் ஒரு கோரிக்கைக்குள், அடங்கியது. தேவையான அமைப்பைக் கோப்பில் எழுதி வைத்தால் அதன்படி உருவாக்கித் தரும் அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இலும், ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 2014இலும் வந்தன. பணிப்பாய்வுகளை இயக்கும் ஏர்ஃப்ளோ 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் உருவானது. அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் 2016இல் வெளியானது.

உருவாக்கம்

உருவாக்கக் கோரிக்கையில் தரவுத்தளத்தின் பெயர், மென்பொருள் வகை, கணினியின் திறன், சேமிப்பளவு முதலியவை இடம்பெறும். கோரிக்கை ஏற்கப்பட்டதாக உடனே பதில் வரும். தரவுத்தளம் தயாராகவோ பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை அதன் நிலை ‘உருவாகிறது’ என்றே இருக்கும். ‘பயன்பாட்டுக்குத் தயார்’ என்று மாறுமுன் அட்டவணைகளை அமைக்க முயன்றால் இணைப்புக் கிடைக்காது. ஆகவே பணிப்பாய்வில் காத்திருப்புப் படி ஒன்று கட்டாயம் வேண்டும். அமேசானின் பைத்தான் நூலகத்தில் இதற்கான செயற்கூறு 30 விநாடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 60 முறை நிலையைக் கேட்டறியும்.

பட்டியலிடல்

பட்டியலைப் பெறுவது எளிய வேலையாகத் தோன்றினாலும், அரைகுறைப் பட்டியல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆர்டிஎஸ் ஓர் அழைப்புக்கு 100 பதிவுகள் வரை மட்டுமே தரும். மேலும் பதிவுகள் இருந்தால் பதிலுடன் ஒரு தொடர்குறியும் வரும். அதைக் கொடுத்துத்தான் அடுத்த பகுதியைக் கேட்க வேண்டும். பட்டியல் மண்டலவாரியானது என்பதால், மும்பை மண்டலத்தில் கேட்டால் சிங்கப்பூரில் உள்ளவை தெரியாது. உரிமையாளர், திட்டம், காலாவதி நாள் ஆகியவற்றை உருவாக்கும்போதே குறிச்சொற்களாக இணைத்துவிட்டால், எந்தத் தரவுத்தளம் யாருடையது என்பது பட்டியலிலேயே விளங்கும்.

மறுமுயற்சி

கோரிக்கை போய்ச் சேர்ந்தபின் பதில் வருமுன் பிணையம் துண்டிக்கப்படுவது உண்டு. அப்போது பணிப்பாய்வு அதே படியை மீண்டும் இயக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் புதுப் பெயர் சூட்டப்பட்டால் தேவையற்ற இரண்டாவது தரவுத்தளம் உருவாகிக் கட்டணம் ஏறும். பெயரை முன்கூட்டியே முடிவுசெய்திருந்தால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழை வரும். அதைத் தோல்வியாகக் கொள்ளாமல், பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி அமைப்பு விவரங்களை ஒப்பிட்டபின் அடுத்த படிக்குச் செல்வதே சரியான வடிவமைப்பு. ஒரு படியை எத்தனை முறை இயக்கினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி.

பாதுகாப்பு

நிர்வாகிக் கடவுச்சொல்லை நிரலிலோ பதிவேடுகளிலோ எழுதக் கூடாது. அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்ற ரகசியக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பட்டியலைப் பார்க்கும் அனுமதி, உருவாக்கும் அனுமதி, நீக்கும் அனுமதி மூன்றையும் தனித்தனியே வழங்கலாம். கண்காணிப்புக்கு மட்டுமான பணிப்பாய்வுக்கு முதலாவது போதும்.

நீக்கம்

சோதனைக்காக உருவாக்கியவற்றைக் காலாவதிக் குறிச்சொல்லைப் பார்த்து நீக்கும் பணிப்பாய்வு செலவைக் கட்டுப்படுத்தும். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது: ஆர்டிஎஸ்ஸில் நிறுத்தப்பட்ட தரவுத்தளம் 7 நாட்களுக்குப் பின் தானே மீண்டும் இயங்கத் தொடங்கும். முக்கியமான தரவுத்தளங்களுக்கு நீக்கத் தடையை இயக்கி வைப்பதும், நீக்குமுன் இறுதிக் காப்புநகல் எடுப்பதும் தரவு இழப்பைத் தவிர்க்கும்.