யேசுதாஸ் – 4: மெஹபூப் பாய் குறுக்கிட்ட அத்தியாயம்

யேசுதாஸின் அப்பா, நாடக மேடையில் பேரெடுத்த அகஸ்டின் ஜோசப், 1950-இல் 'நல்லதங்க' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனாக நடித்தார். நம் நல்லதங்காள் கதைதான். பஞ்சம், கொடுமைக்கார அண்ணி, ஏழு பிள்ளைகள், கிணறு எல்லாம் அப்படியே கடல் ஓரமாக நடந்து ஆலப்புழை போய்ச் சேர்ந்திருந்தது. எடுத்தது உதயா ஸ்டுடியோ. கதாநாயகி மிஸ் குமாரி. வி. தட்சிணாமூர்த்தி இசையமைத்த முதல் படமும் இதுவே. அகஸ்டின் ஜோசப்பைப் பாட வைத்த தட்சிணாமூர்த்தி, பின்னாளில் அவர் மகனையும், அந்த மகனின் மகன் விஜய்யையும் பாட வைத்தார். ஒரே இசையமைப்பாளரிடம் ஒரு வீட்டின் மூன்று தலைமுறை.

மேடையில் கைதட்டல் குறைவில்லை; வீட்டில் பணம்தான் நிற்கவில்லை. கேரளத்துச் சங்கீத நாடகம், தமிழ்நாட்டிலிருந்து போன நாடகக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை என்பதைப் போன இதழிலேயே பார்த்தாயிற்று. எங்கள் கம்பெனிக்காரர்கள் கொண்டுபோன ஹார்மோனியத்தோடு அவர்களுடைய கஷ்ட ஜீவனமும் சேர்ந்தே போயிருக்கிறது. அதைத் தெரிந்தும் அகஸ்டின் ஜோசப் மூத்த மகனுக்குச் சங்கீதத்தையே கற்றுக்கொடுத்தார். 1940 ஜனவரி 10-இல் ஃபோர்ட் கொச்சியில், லத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யேசுதாஸுக்கு முதல் குரு அப்பாதான். பிறகு குஞ்ஞன் வேலு ஆசான். அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரி, 1960-இல் கானபூஷணம் தேறினார். அங்கிருந்து திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் கல்லூரி. செம்மங்குடி சீனிவாச ஐயரின் நிழலில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தும், பணமில்லாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம் வானொலி நிலையம் குரல் தேர்வில் அவரைக் கழித்துக்கட்டியது. அன்று மதிப்பெண் போட்டவர்களின் பெயரை வரலாறு குறித்துவைக்காதது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

அடுத்த கட்டம் 1961 நவம்பர், மதராஸ், பரணி ஸ்டுடியோ. இந்த இதழுக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் அதற்குத்தான். ஆனால் கொச்சியின் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர் மட்டாஞ்சேரியைத் தாண்டி அவ்வளவு சுலபத்தில் போய்விட முடியாது. மட்டாஞ்சேரி என்றால் மெஹபூப்.

ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் ஒட்டிக் கிடக்கும் இரண்டு ஊர்கள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது அங்கேயே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய பண்டகசாலைகள். ஜூ டவுன் முனையில் 1568-இல் கட்டிய யூத ஆலயம். குஜராத்தி சேட்டுகளுக்கு ஒரு தெரு, கொங்கணிகளுக்குத் திருமலை தேவசுவம் கோயில், கச்சி மேமன்கள், உருது பேசும் தக்கனி முஸ்லிம்கள். ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்தின் துணி வெளுக்கக் கொண்டுவந்த தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைத்துக் கொடியில் உலர்த்திப் பெட்டி போட்டுக்கொடுக்கிறார்கள். பத்துக்கும் மேற்பட்ட மொழிகள் புழங்கும் இந்தச் சின்ன இடத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இந்துஸ்தானி மெட்டு. கடை மூடிய பிறகு ஏதாவது ஒரு மாடி அறையில் பாய் விரித்து, ஹார்மோனியமும் தபலாவும் வைத்து, விடிய விடிய மெஹ்ஃபில் நடக்கும். கேட்க வருகிறவர்களில் முதலாளியும் உண்டு, மூட்டை தூக்கும் கூலியும் உண்டு.

அந்த மெஹ்ஃபில்களின் பிள்ளை எச். மெஹபூப். 1926-இல் ஃபோர்ட் கொச்சியில், தக்கனிக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா கல்யாண வீடுகளில் கொட்டிப் பாடுகிறவர். பையன் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டே பாட்டுக் கற்றுக்கொண்டான். முறையாக எந்தக் குருவிடமும் உட்கார்ந்ததில்லை. வெள்ளைக்காரப் பட்டாள முகாமில் எடுபிடி வேலை பார்த்தபடி, சிப்பாய்களின் பூட்சைத் துடைத்துக்கொண்டே அவர்களுக்கு இந்திப் பாட்டுப் பாடிக் காட்டுவான் என்று மட்டாஞ்சேரியில் இன்றும் சொல்வார்கள். சைகலும் பங்கஜ் மல்லிக்கும் அவன் காதுக்குள் போனது அப்படித்தான். பாட்டு ஊருக்குப் பிடித்துப்போனதும் பையன் 'மெஹபூப் பாய்' ஆனார்.

அவர் யாருக்காகப் பாடினார் என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய கொச்சித் துறைமுகத்தில் ஒரு விடியற்காலையைப் பார்க்க வேண்டும். வேலை தேடி வந்த ஆட்கள் இருட்டோடு கூட்டமாக நிற்பார்கள். மூப்பன் வருவான், கையில் உலோக வில்லைகள். அதற்குப் பெயர் சாப்பா. கூட்டத்துக்கு நடுவில் அவற்றை வீசுவான். முட்டி மோதி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து யார் பொறுக்கிக்கொள்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்களுக்கு அன்றைக்கு அடுப்பு எரியாது. மனிதனை மனிதன் இதைவிடக் கேவலமாக நடத்த வழி கண்டுபிடிப்பது கடினம். இந்த முறையை ஒழிக்கச் சொல்லித் தொழிலாளிகள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என மூவர் உயிர் போயிற்று. 2023-இல் வெளிவந்த ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது.

அந்தக் கூலிகளின் கல்யாணங்களும் கட்சிக் கூட்டங்களும்தான் மெஹபூப்பின் மேடை. மேப்பள்ளி பாலன் என்ற உள்ளூர்க் கவிஞர் வரிகள் எழுதித் தருவார். மெஹபூப் அதற்கு ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவார். கனத்த குரல் கிடையாது. சற்றே மூக்கோடு ஒட்டிய, தாழ்ந்த, அவசரமே இல்லாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது போல இருக்கும். கூலி என்று கையை நீட்டிக் கேட்கும் பழக்கமும் கிடையாது. கொடுத்தால் வாங்கி, அதே ராத்திரி கூட இருப்பவர்களோடு செலவழித்துவிடுவார்.

சினிமா அவரைத் தேடி வந்தது 1951-இல். உதயாவின் 'ஜீவித நௌகா', கே. வேம்பு இயக்கிய படம். ஒரே அரங்கில் 284 நாள் ஓடி மலையாள சினிமாவை மலைக்க வைத்தது. அன்றைய வழக்கப்படி இந்தி மெட்டுகளை எடுத்து மலையாள வரிகளை உட்கார வைத்தார்கள். 'துலாரி' படத்துக்கு நௌஷாத் போட்டு முகமது ரஃபி பாடிய ஒரு மெட்டு மெஹபூப்பிடம் வந்தது. ரஃபியை நகலெடுக்க வேண்டிய இடம். மெஹபூப் அந்தத் துக்கத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, தன் ஊர்ச் சுருதியில் பாடினார். மெட்டு நௌஷாத்துடையது, ஏக்கம் மட்டாஞ்சேரியுடையது.

அடுத்தது 'நீலக்குயில்', 1954. பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கி, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். இந்தி மெட்டுக் கடனெல்லாம் வேண்டாம் என்று கே. ராகவன், வடகேரளத்து நாட்டுப் பாட்டிலிருந்தும் மாப்பிளைப் பாட்டிலிருந்தும் இசையை எடுத்தார். மலையாள சினிமாப் பாட்டு சொந்தக்காலில் நின்றது அன்றுதான் என்று சொல்லத் தடையில்லை. அந்தப் படத்திலும் மெஹபூப்புக்கு ஒரு பாட்டு இருந்தது. காதலியைக் கொஞ்சும் குறும்புப் பாட்டு. மானென்றும் மயிலென்றும் வர்ணிக்கும் கவிகளையே கேலி செய்வது போன்ற பாட்டு. அதை வேறு யார் பாடியிருந்தாலும் நகைச்சுவையாக முடிந்திருக்கும். மெஹபூப் பாடியதில் நகைப்போடு ஓர் ஆசையும் கேட்கும்.

அவருக்கு வினையாக வந்ததும் அந்தக் குறும்புதான். 'நாயரு பிடிச்ச புலிவாலு' (1958), எம். எஸ். பாபுராஜ் இசையமைத்த 'கண்டம் வெச்ச கோட்டு' (1961), ஜி. தேவராஜனின் இசையில் 'டாக்டர்' (1963) என்று படங்கள் வந்தன. பாடிய பாட்டுகள் தெருத்தெருவாக ஒலித்தன. ஆனால் தயாரிப்பாளர்கள் அவருக்கு ஒரு முத்திரை குத்திவிட்டார்கள்: கதாநாயகனுக்கு வேறு ஆள், காமெடியனுக்கு மெஹபூப். ரஃபியின் சோகத்தைத் தாங்கிய தொண்டையைச் சிரிப்புக் காட்சிக்குக் குத்தகை விட்டார்கள். இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால் விரலை நீட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான். கோடம்பாக்கத்தில் நம்மவர்களும் இதைச் செய்யாதவர்கள் அல்லர், ஜே. பி. சந்திரபாபுவின் ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

மெஹபூப்பும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. மதராஸில் தங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, ஒலிப்பதிவுக்கு நேரத்துக்கு வந்து நிற்கும் ஆளாக அவரை யாரும் ஆக்க முடியவில்லை. இரண்டு நாள் இருப்பார். மூன்றாம் நாள் கொச்சி நினைப்பு வந்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு வீடும் இல்லை. இன்றைக்கு இந்த நண்பர் வீட்டுத் திண்ணை, நாளைக்கு அந்த ரசிகர் கடையின் மாடி. அதைத் தியாகமென்று தூக்கி வைப்பதும் தவறு, சோம்பல் என்று தள்ளுவதும் தவறு. அவருக்கு வேண்டியிருந்தது எதிரில் உட்கார்ந்து 'வாஹ்' சொல்லும் இருபது பேர். ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த இருபது பேர் கிடையாது.

அந்த மெஹ்ஃபில்களில் ஓரமாக உட்கார்ந்து தபலா வாசித்த ஒரு பையன் பி. ஏ. இப்ராகிம். இயக்குநர் ஜான் ஆபிரகாம் வைத்த பெயரில் 'உம்பாயி' என்று அறியப்பட்டு, மலையாளத்தில் கஜல் என்ற வகையையே நிலைநிறுத்தியவர். 2018 ஆகஸ்ட் 1 அன்று மறைந்தார். மெஹபூப் சினிமாவில் விட்டுப்போனது கொஞ்சம். மட்டாஞ்சேரியில் விட்டுப்போனது இப்படி ஆட்களை. 1981 ஏப்ரல் 22 அன்று மெஹபூப் காலமானார். அவர் பேரில் மெஹபூப் மெமோரியல் ஆர்கெஸ்ட்ரா என்று ஒரு குழு ஊரில் உருவானது.

இனி 1961. மெஹபூப் எதையெல்லாம் மாட்டேன் என்றாரோ, அதையெல்லாம் செய்யத் தயாராக அதே ஊரிலிருந்து இன்னோர் இளைஞர் மதராஸ் வந்தார். 'கால்பாடுகள்' படம், இயக்குநர் கே. எஸ். ஆண்டனி. இசை எம். பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்த அதே எம்.பி.எஸ்.தான், இடதுசாரி, பின்னாளில் சேர்ந்திசைக் குழுவைக் கட்டி வளர்த்தவர். படத்தின் ஆண்குரல் பாட்டுகளில் பெரும்பகுதி யேசுதாஸுக்கு என்று பேச்சு இருந்தது. வந்த இடத்தில் டைபாய்டு படுக்கையில் தள்ளிவிட்டது என்றும், அந்தப் பாட்டுகள் வேறு பாடகரிடம் போய்விட்டன என்றும் சொல்வார்கள். எழுந்து நின்றபோது அவருக்கு மிஞ்சியது நான்கு வரிச் சுலோகம்.

1961 நவம்பர் 14, பானுமதி–ராமகிருஷ்ணா தம்பதியின் பரணி ஸ்டுடியோ. சுலோகம் ஸ்ரீ நாராயண குரு எழுதியது. 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவியபோது பிறந்த வரிகள். சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் இடம் இது என்பது பொருள். ஈழவ சமூகத்துத் துறவியின் வரியை, தமிழ் பேசும் கம்யூனிஸ்ட் ஒருவரின் இசையில், தெலுங்குத் தம்பதியின் ஸ்டுடியோவில், கொச்சிக் கத்தோலிக்கப் பையன் பாடினார். யாரும் திட்டமிட்டு ஏற்பாடு செய்ததல்ல. இருபத்தொரு வயது, கழுத்தெலும்பு தெரியும் உடம்பு, காய்ச்சல் முழுதாக விடாத குரல். ஒரு சில நிமிடங்களில் வேலை முடிந்தது. படம் 1962-இல் திரைக்கு வந்தது.

அன்று பாடியவருக்கு, சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது பிற்காலத்தில் எட்டு முறை கிடைத்தது. 2017-இல் பத்ம விபூஷணும் வந்தது. மெஹபூப்புக்கு அப்படி எதுவும் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம் என்றாலும், கொச்சிக்காரர்கள் டீக்கடையில் அதைச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். உடம்பைக் கட்டிக் காத்து, குளிர்ந்த தண்ணீரைக்கூட ஒதுக்கி வைத்து அறுபது வருடம் பாடுவதற்கு வேண்டிய வைராக்கியம் மெஹபூப்பிடம் இல்லை என்பதை அவர் பக்கம் பேசுகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

யேசுதாஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த வீணை எஸ். பாலசந்தரும் அவருடைய 'பொம்மை' படமும் அடுத்த இதழில், இடையில் யாரும் குறுக்கிடாமல் வரும். அதற்குள், 'நீலக்குயில்' படத்தில் மெஹபூப் பாடியதை வாசகர்கள் ஒருமுறை தேடிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

(தொடரும்)