கேபினுக்குள் ஏறிய குரல்: ராணுவ லாரியில் ரேடியோ இடம்பிடித்த வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ வண்டிகளின் படங்களில், பானட்டின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் பதிவு எண் தெரியும். சில வண்டிகளில் அந்த எண்ணின் கடைசியில் ‘எஸ்’ என்றொரு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். வண்டியின் மின் இரைச்சல் அடக்கப்பட்டிருக்கிறது, இதில் ரேடியோ வைத்துப் பேசினால் காதில் விழும் என்பதற்கு அது சான்று. போர்க்களத் தகவல் தொடர்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கருவிகளின் அலைவரிசையையும் எட்டும் தூரத்தையும் பேசினார்கள். அந்தக் கருவி வண்டியில் எங்கே உட்கார்ந்தது, எதிலிருந்து மின்சாரம் எடுத்தது, என்ஜின் சத்தத்துக்கு நடுவே யார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. போரின்போது உயிரைத் தீர்மானித்தவை இந்தக் கேள்விகள்தான். அமெரிக்க ராணுவத்தின் சக்கர வண்டிகளை, குறிப்பாக லாரிகளை, முன்வைத்து அவற்றுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

முதல் எதிரி வண்டியேதான். மார்க்கோனி காலத்து ரேடியோ அனுப்பும் கருவிகள் மின்பொறியால் இயங்கியவை. பெட்ரோல் என்ஜினின் ஸ்பார்க் பிளக்குகள் அதே வேலையைச் சிறிய அளவில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை செய்கின்றன. அந்த என்ஜினுக்கு இரண்டடி தள்ளி, தொலைதூரத்துப் பலவீனமான அலையைப் பிடிக்கும் கருவியை வைத்தால் கேட்பது சடசடப்பு மட்டுமே. ஆகவே பிளக் கம்பிகளில் மின்தடைகள் வந்தன. டைனமோவிலும் ரெகுலேட்டரிலும் கண்டன்சர்களும் வடிகட்டிகளும் வந்தன. பானட், என்ஜின், சேசிஸ் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் செம்புக் கம்பியில் பின்னிய பட்டைகள் போல்ட் போட்டு முடுக்கப்பட்டன. பட்டை தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைத் தெரியவைத்து, பல் வைத்த வாஷரைப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு இடத்தில் பெயின்ட் மிச்சமிருந்தாலும் அங்கே எர்த் நிற்காது, இரைச்சல் திரும்பி வரும்.

இன்னொரு விடை வானலையின் பக்கத்திலிருந்து வந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற எஃப்.எம். முறை இவ்வகைச் சடசடப்பைப் பெருமளவு புறக்கணித்துவிடும். 1940-இல் டேனியல் நோபிளின் வடிவமைப்பில் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் ரோந்து வண்டிகளில் இருவழி எஃப்.எம். ரேடியோ இயங்கத் தொடங்கியது. ஓடும் வண்டியில் அது நன்றாகவே வேலை செய்ததை ராணுவத்தின் சிக்னல் பிரிவும் கண்டது. போரின்போது ஆர்ம்ஸ்ட்ராங் தன் காப்புரிமைகளை ராணுவம் ராயல்டி இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார். அப்படி வந்தவைதான் கவசப் படைக்கான எஸ்.சி.ஆர்-508 ரேடியோக் குடும்பமும் பீரங்கிப் படைக்கான எஸ்.சி.ஆர்-608 குடும்பமும். படிகங்களால் முன்கூட்டியே அமைத்த 10 சானல்களைப் பட்டன் அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். குலுங்கும் வண்டியில் குமிழைத் திருகி அலைவரிசை தேட வேண்டியதில்லை. 508-இல் ஒரு அனுப்பும் கருவியும் இரண்டு வாங்கும் கருவிகளும் ஒரே பீடத்தில் வரிசையாக உட்கார்ந்தன. வண்டிக்குள்ளிருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசும் இண்டர்காமும் அதே கட்டமைப்பில் சேர்ந்தே வந்தது. இதே எண்ணத்தைப் பிரிட்டிஷார் தங்கள் 19-ஆம் எண் வயர்லெஸ் செட்டில் செயல்படுத்தினார்கள். கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் உருவாக்கிய அந்தப் பெட்டிக்குள் தொலைதூரத் தொடர்பு, பக்கத்து டாங்கியோடு பேச இன்னொரு செட், உள்ளேயிருப்பவர்களுக்கான இண்டர்காம் மூன்றும் அடங்கின.

ஆனால் மின்சாரம்? வால்வு செட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். பேட்டரியின் குறைந்த வோல்ட்டில் சுழன்று உயர் வோல்ட்டைத் தரும் டைனமோட்டர் இதற்குப் பயன்பட்டது. 12 வோல்ட் வண்டிக்கு ஒரு டைனமோட்டர், 24 வோல்ட் வண்டிக்கு வேறொன்று என்று ஒரே ரேடியோவுக்கு இரண்டு வகை தயாரானது. சாதாரண ஜீப்போ 6 வோல்ட்டில் ஓடியது. எந்த ரேடியோ எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதே கிடங்குக்காரர்களுக்குத் தீராத தலைவலி.

அந்தக் காலத்தில் லாரிக்குக் கிடைத்த பெரிய ரேடியோ எஸ்.சி.ஆர்-299. சிகாகோவின் ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனம் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கென விற்ற எச்.டி-4 கருவியை அடிப்படையாகக் கொண்டு உருவான இது, ஒன்றரை டன் செவர்லே மூடுவண்டியில் ஏறியது. மின்சாரம் தரும் ஜெனரேட்டர் பின்னால் இழுவண்டியில் வந்தது. பிறகு இதே கருவி எஸ்.சி.ஆர்-399 என்ற பெயரில், இரண்டரை டன் லாரியின் பின்தட்டில் ஏற்றி இறக்கக்கூடிய தனி அறைக்குள் போனது. இங்கே ஒரு பிரிவு உண்டாகிவிட்டது. ரேடியோவுக்கு உரியவர் பின்னால் அறைக்குள் இருப்பவர். முன்னால் கேபினில் இருப்பவர் வண்டி ஓட்டுகிறவர் மட்டும். சரக்கு ஏற்றும் லாரிக்கு ரேடியோ தேவையில்லை என்ற எண்ணம் இந்தப் பிரிவிலேயே வேர்விட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். அதன் விலையைப் பின்னால் வந்த ஓட்டுநர்கள் கொடுத்தார்கள்.

போருக்குப் பின் ராணுவம் வண்டிகளை ஒழுங்குபடுத்தியது. 1950-இல் வந்த எம்-38 ஜீப்பும், அதையொட்டி வந்த எம்-35 இரண்டரை டன் லாரியும் 24 வோல்ட் வண்டிகள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்தன. பற்றவைப்பு அமைப்பு முழுக்க நீர் புகாத உலோக உறைக்குள் போனது. இரைச்சல் அடக்குவது பட்டறையில் பிறகு செய்யும் வேலையாக இல்லாமல், தொழிற்சாலையிலேயே வண்டியின் பகுதியாகிவிட்டது. பின்னர் எம்-35-இல் பல எரிபொருள் என்ஜின் வந்தபோது ஸ்பார்க் பிளக்கே இல்லாமல் போனது.

1960-களின் தொடக்கத்தில் வந்த வி.ஆர்.சி-12 ரேடியோக் குடும்பம் இந்தப் புது வண்டிகளின் துணை. முந்தைய தலைமுறையில் கவசப் படை, பீரங்கிப் படை, காலாட்படை மூன்றுக்கும் தனித்தனி அலைவரிசைகள்; எல்லைகளில் சிறிது தூரம் மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. வி.ஆர்.சி-12 அவற்றை 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் 920 சானல்களாக்கியது. ஆனால் கேபினில் நின்று பார்ப்பவருக்கு முக்கியம் கீழேயிருக்கும் எம்.டி-1029 என்ற பீடம்தான். அதிர்வு தாங்கிகள் மேல் நிற்கும் இரும்புத் தட்டு அது; வண்டியின் உடலோடு போல்ட் போட்டு நிரந்தரமாக இருக்கும். சுமார் 27 கிலோ எடையுள்ள ஆர்.டி-524 ரேடியோவை அதன்மேல் வைத்துப் பின்னால் தள்ளினால் பின்பக்க இணைப்பு தானே பொருந்தும். முன்னால் இரண்டு கவ்விகளை இறுக்கினால் வேலை முடிந்தது. பழுதான செட்டைக் கழற்றி வேறொன்றைச் சில நிமிடங்களில் மாட்டிவிடலாம். ஒரு கட்டுப்பாடு மட்டும் எல்லா ஓட்டுநர்களுக்கும் மனப்பாடம்: என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியோவை அணைத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது எழும் மின்னழுத்த வீச்சு செட்டைக் கெடுத்துவிடும்.

இதன் கூடவே வந்த வி.ஐ.சி-1 இண்டர்காமில் ஏ.எம்-1780 என்ற ஆம்ப்ளிஃபயர் பெட்டி மையம். அதிலிருந்து ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதிலுள்ள குமிழைத் திருப்பி, உள்ளே மட்டும் பேசவா, வெளி ரேடியோவில் பேசவா, எல்லாவற்றையும் கேட்கவா என்று அவரவர் முடிவு செய்யலாம். டாங்கிகளிலும் கவச வண்டிகளிலும் இது இயல்பாகப் பொருந்தியது. லாரி கேபினில் மூன்று பேர் தோளுரச உட்காரும்போது இதற்கு வேலை குறைவு. கூரையில் வளையம் பொருத்தி இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவர் மேலே நின்றால் நிலைமை வேறு. அவருக்கும் ஓட்டுநருக்கும் நடுவே கூரையும் காற்றும் என்ஜின் முழக்கமும் வந்துவிடுகின்றன. சுடச் சொல்வதும் வண்டியை நகர்த்தச் சொல்வதும் இண்டர்காம் இல்லாமல் நடக்காது.

சரக்கு லாரிக்கு ரேடியோ தேவையில்லை என்ற எண்ணத்தின் விலையை வியட்நாம் இரத்தத்தில் காட்டியது. 1967 செப்டம்பர் 2 அன்று, பிளெய்குவிலிருந்து கடற்கரையை நோக்கி 19-ஆம் எண் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த 8-ஆவது போக்குவரத்துக் குழுவின் தொடர் வண்டிகள் ஆன் கே-க்கு மேற்கே பதுங்கித் தாக்கப்பட்டன. ஏழு பேர் இறந்தார்கள், 17 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலான லாரிகளில் ரேடியோ கிடையாது. முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல வழியில்லை. அதன்பின் ஓட்டுநர்கள் தாங்களே லாரிகளுக்கு மணல்மூட்டையும் பிறகு இரும்புத் தகடும் போட்டுத் துப்பாக்கி லாரிகளைக் கட்டினார்கள். எங்கிருந்தாவது ரேடியோ தேடிப் பிடித்து ஏற்றினார்கள். உதவிக்கு ஹெலிகாப்டரையோ பீரங்கியையோ அழைக்க அந்த ஒரு செட்டே ஆதாரம். அந்த லாரிகளில் ‘ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்று பெயரிட்ட ஒன்று வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்தப் பாடம் முழுதாக ஏறவில்லை. 1983-இல் ஐ.டி.டி. நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கிடைத்த சிங்கார்ஸ் ரேடியோ நொடிக்கு நூறு முறைக்கு மேல் அலைவரிசை மாறித் தாவியது, 2,320 சானல்கள் தந்தது, எடையையும் பெரிதும் குறைத்தது. ஆனால் 2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நாசிரியாவில் 507-ஆவது பராமரிப்புக் கம்பெனி வழிதவறியபோது, அதன் வண்டிகள் சிலவற்றில் ரேடியோவே இல்லை. கையிலிருந்த சிறு செட்டுகளின் பேட்டரிகளும் தீர்ந்துபோயிருந்தன. 18 வண்டிகளில் சென்ற 33 பேரில் 11 பேர் இறந்தார்கள். பின்தளத்து வண்டிகளுக்கும் ரேடியோ தேவை என்று இதன்பின் மறுக்க முடியவில்லை. வண்டி இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் திரைகளும் கேபின்களுக்குள் பரவின. சாலையோரக் குண்டுகளின் ரேடியோத் தூண்டலை முடக்கும் ஜாமர்கள் லாரிகளில் ஏறியபோது பழைய எதிரியே வேறு உருவில் திரும்பினான்: அவை அமெரிக்கர்களின் சொந்த ரேடியோவையும் கெடுத்தன. எந்த ஆண்டெனாவை எங்கே நிறுத்துவது என்பது மீண்டும் பட்டறைக் கேள்வியானது.

கருவிகள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, பீடம் மட்டும் நிலைத்தது. சிங்கார்ஸுக்காக வடிவமைத்த எம்.டி-6352 தட்டு ஆயிரக்கணக்கான வண்டிகளில் முடுக்கப்பட்டதால், பின்னால் வந்த ஹாரிஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் புது ரேடியோக்களுக்கான வண்டிப் பொருத்திகளை அந்தத் தட்டிலேயே உட்காரும்படி செய்து விற்றன. கேபின் தரையில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை என்பதே வாங்குபவருக்கு ஒரு காரணமாயிற்று. அமெரிக்க ராணுவம் இப்போது முன்னெடுக்கும் ‘சிமாஸ்’ தரநிலை அடுத்த படி. அதில் தனித்தனிப் பெட்டிகளுக்குப் பதிலாக, வண்டியில் பொருத்திய ஒரே கூட்டில் ரேடியோ, இடமறிதல், மின்போர் வேலைகளுக்கான அட்டைகள் செருகப்படுகின்றன. ஆண்டெனாவும் மின்சாரமும் பொது.