எத்தனை டிகிரி இதம்? கட்டடக் குளிரூட்டலின் அளவுகோலைக் கள ஆய்வுகள் மாற்றிய வரலாறு

ஓர் அறை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பது பார்வைக்குச் சில்லறைக் கேள்வி. ஆனால் உலகம் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஏ.சி.களும் மின்விசிறிகளுமே எடுத்துக்கொள்கின்றன என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2018-இல் கணக்கிட்டது. அன்று 160 கோடியாக இருந்த ஏ.சி.களின் எண்ணிக்கை 2050-க்குள் 560 கோடியைத் தொடும் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு. ஏ.சி.யில் வைக்கும் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 விழுக்காடு குறையும் என்கிறது இந்தியாவின் எரிசக்தித் திறன் செயலகம். அப்படியானால் அந்த டிகிரியை முதலில் நிர்ணயித்தவர்கள் யார், எந்தச் சான்றின் பேரில் நிர்ணயித்தார்கள் என்று கேட்டாக வேண்டும். சூடான நாடுகளின் அனுபவம் 1960-களிலேயே பதிவாகிவிட்டது. ஆனாலும் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் மூலத்தரவுகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகே தரநிர்ணயக் குழுக்கள் அசைந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரை நூற்றாண்டாகக் கோலோச்சும் அளவுகோல் டென்மார்க் பொறியாளர் ஓலே ஃபாங்கருடையது. 1970-இல் அவர் வெளியிட்ட நூலின் அடித்தளம், தட்பவெப்பத்தை விருப்பம்போல் மாற்றக்கூடிய ஆய்வறைகளில் நடந்த சோதனைகள். அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், ஒரே மாதிரிப் பருத்தி உடையில் உட்கார்ந்து தாங்கள் உணரும் வெப்பத்துக்கு வாக்களித்தார்கள். காற்றின் வெப்பம், சுவர்களின் கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்றோட்டம், உடை, உடலுழைப்பு ஆகிய ஆறையும் கொடுத்தால், ஒரு கூட்டத்தின் சராசரி உணர்வை −3 முதல் +3 வரையிலான அளவில் ஃபாங்கரின் சமன்பாடு சொல்லிவிடும். ஆள் எந்த ஊர்க்காரர் என்பது அதற்குத் தேவையில்லை. டேனிஷ்காரருக்கும் வெப்பமண்டலத்தில் பிறந்தவருக்கும் இதம் ஒன்றே என்று அவர் வாதிட்டார். 1984-இல் இந்த முறை ஐ.எஸ்.ஓ. 7730 என்ற உலகத் தரமாகவும் ஆயிற்று. குழாயும் மின்மோட்டாரும் கொண்டு கட்டடத்தை வடிவமைக்கும் பொறியாளருக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. அதன் வெற்றிக்குப் பாதிக் காரணம் இந்த வசதிதான் என்பது என் கணிப்பு.

வேறொரு கிளை அதற்கு முன்பே முளைத்திருந்தது. சிங்கப்பூரில் ஆய்வு செய்த சார்லஸ் வெப், பின்னர் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரூர்க்கியிலும் பாக்தாத்திலும் தரவு திரட்டினார். அன்றாட வேலையில் இருந்தவர்களிடமே கேட்டுப் பதிந்த தரவு அது. அதை ஆராய்ந்த ஃபெர்கஸ் நிக்கோல் 1974-இல் முடிவுகளை வெளியிட்டார்: மின்விசிறிக் காற்று இருந்தால் 30 டிகிரிக்கு மேலும் அங்குள்ளவர்கள் இதமாகவே உணர்ந்தார்கள். அவருடைய சகாவான மைக்கேல் ஹம்ப்ரீஸ், உலகெங்கும் நடந்த 30-க்கும் மேற்பட்ட கள ஆய்வுகளைத் தொகுத்தார். ஏ.சி.யோ ஹீட்டரோ ஓடாத கட்டடங்களில் மக்களுக்கு இதமான வெப்பநிலை, வெளியே நிலவும் மாதச் சராசரியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை அவர் 1978-இல் காட்டினார். சன்னலைத் திறப்பது, விசிறியைப் போடுவது, மேலுடையைக் கழற்றுவது என்று மனிதர் தம்மைத் தாமே சரிசெய்துகொள்கிறார் என்பதே இந்த அணியின் விளக்கம்.

தரநிர்ணயக் குழுக்கள் காது கொடுக்கவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு கருவியைப் பயன்படுத்தியது, கேள்விகளை வெவ்வேறு விதமாகக் கேட்டது. அச்சில் வந்தவையோ சராசரிகள் மட்டும். பாங்காக் அலுவலகங்களில் 1,100-க்கும் மேற்பட்டவர்களிடம் ஜான் புஷ் நடத்திய ஆய்வு, ஏ.சி. இல்லாத அலுவலகங்களில் ஊழியர்கள் 31 டிகிரி வரை ஏற்றுக்கொண்டதைக் காட்டியது. அதையும் தாய்லாந்தின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடிந்தது.

1990-களின் நடுவில் சிட்னியின் ரிச்சர்ட் டி டியரும் பெர்க்லியின் கெயில் பிரேகரும் எடுத்த முடிவுதான் திருப்பம். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் நிதியில் தொடங்கிய அத்திட்டம், ஆய்வாளர்களிடம் கட்டுரைகளைக் கேட்காமல் மூலக் கோப்புகளைக் கேட்டது. நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 பதிவுகள் சேர்ந்தன. ஒவ்வொரு பதிவும் ஒருவர் ஒரு கணத்தில் சொன்ன வாக்கு. கூடவே அவர் மேசையருகே அளந்த வெப்பம், ஈரம், காற்று. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் மறுபடி கணக்கிட்டார்கள், அந்தந்த ஊரின் வானிலையைப் பக்கத்தில் ஒட்டினார்கள். பழைய ஆய்வுகள் பல கவனிக்காமல் விட்ட ஒன்றையும் சேர்த்தார்கள்: உட்கார்ந்திருக்கும் நாற்காலி. மெத்தை வைத்த அலுவலக நாற்காலியும் முதுகுக்கு ஓர் ஆடைதானே. அதைக் கணக்கில் எடுத்ததும், ஏ.சி. கட்டடங்களில் ஃபாங்கரின் சமன்பாடு நன்றாகவே பொருந்தியது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில் மட்டும் அது பிசகியது. முன்பு எதிரணிகளாக நின்ற இரண்டு தரப்பின் சான்றும் ஒரே தொகுப்புக்குள் மெய்யாயிற்று. அந்தத் தொகுப்புக்கு எதிராக வாதிட இடம் குறைந்துபோனது இதனால்தான். ஃபாங்கரே 2002-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் எழுதிய கட்டுரையில், ஏ.சி. இல்லாத சூடான ஊர்க் கட்டடங்களுக்காகத் தம் சமன்பாட்டில் எதிர்பார்ப்பு என்ற ஒரு பெருக்குக் காரணியைச் சேர்த்துக்கொண்டார்.

2004-இல் ஆஷ்ரே 55 என்ற வெப்ப இதத் தரத்துக்குள், இதம் வெளிவெப்பத்தோடு சேர்ந்து மாறும் என்ற இந்தத் தகவமைப்பு மாதிரி நுழைந்தது. பாதி வெற்றிதான் அது. சன்னலைத் தாமே திறந்து மூடக்கூடிய, ஏ.சி. பொருத்தாத இடங்களுக்கு மட்டுமே அது செல்லும். 2007-இல் ஐரோப்பியத் தரம், ஐந்து நாடுகளில் நடந்த தன் சொந்தக் கள ஆய்வை வைத்து இதே வழியில் வந்தது.

இந்தியாவின் சிக்கல் இந்த எல்லைக்குள் அடங்காது. இங்கே பல அலுவலகங்கள் மார்கழியில் சன்னலைத் திறந்து வைத்து, சித்திரையில் ஏ.சி.யை ஓட்டுபவை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் டி டியருடன் சேர்ந்து சென்னை, தில்லி, பெங்களூரு, அகமதாபாத், சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் 16 கட்டடங்களிலிருந்து 6,330 பதில்களைத் திரட்டியது. அதிலிருந்து வந்த ஐமாக் மாதிரி, இத்தகைய இருமுறைக் கட்டடங்களுக்கும் தனியாக ஒரு சமன்பாடு தருகிறது. வெளிவெப்பத்தின் 30 நாள் சராசரி 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஏ.சி. இல்லாத அலுவலகத்துக்கு இதமான வெப்பநிலை சுமார் 30, இருமுறை அலுவலகத்துக்கு ஏறக்குறைய 27. சென்னையின் ஐ.டி. அலுவலகங்களில் ஸ்வெட்டரோடு வேலை பார்ப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இம்மாதிரியை ஏற்றது.

இதே காலத்தில் மாதவி இந்திரகண்டி ஜப்பான், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சென்னையிலும் ஐதராபாத்திலும் 28 அலுவலகங்களில் 14 மாதம் ஆய்வு நடத்தினார். 2,787 பேர் அளித்த 6,048 பதில்களில், இதமான வெப்பநிலை ஏ.சி. ஓடும்போது 26.4, ஓடாதபோது 28 டிகிரி என்று வந்தது. மேலைநாட்டு உடைப் பட்டியலில் சேலைக்குச் சரியான கணக்கு இல்லாததால், பெர்க்லி ஆய்வாளர்களோடு சேர்ந்து, வெப்பத்தை அளக்கும் பொம்மைக்குச் சேலை கட்டி அளந்ததும் இவர்தான். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தினால் ஒரு கணக்கு, தொங்கவிட்டால் வேறு கணக்கு. குளிரும் அலுவலகத்தில் பெண்கள் நாள் முழுக்கச் செய்வதைத்தான் அந்த ஆய்வு எண்ணாக்கியது.

டி டியர், பிரேகர் தொகுப்பின் தொடர்ச்சியாக 2018-இல் வெளியான இரண்டாவது உலகத் தொகுப்பு 81,846 பதிவுகளைச் சேர்க்க, பழையதோடு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. யாரும் இறக்கிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே அதைப் பயன்படுத்தி வந்த ஓர் ஆய்வு, ஃபாங்கர் சமன்பாடு மக்களின் வாக்கைச் சரியாக ஊகித்தது 34 விழுக்காடு வேளைகளில் மட்டுமே என்றது.

கொள்கை வகுப்போர் இந்தச் சான்றுக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜப்பான் 2005-இல் கூல் பிஸ் இயக்கம் தொடங்கி அலுவலகங்களுக்கு 28 டிகிரி என்றது. அதில் தொடக்கத்தில் பங்குகொண்ட அதிகாரி ஒருவர் துணை அமைச்சரான பின், 2017-இல், அந்த எண்ணுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிச் சர்ச்சையைக் கிளப்பினார். இந்தியா 2019 மார்ச்சில் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம் தகவமைப்பு இதத்தைப் பரிந்துரைத்தது. 2020 ஜனவரி முதல், அறை ஏ.சி.களை 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்து விற்பது கட்டாயமாயிற்று. 2025 ஜூனில், 20-க்குக் கீழே இறங்க முடியாதபடி ஏ.சி.கள் தயாரிக்கப்படும் என்று மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். ஒரே எண்ணை நாடு முழுக்க வைப்பது நிர்வாகத்துக்கு எளிது. சிம்லாவுக்கும் சென்னைக்கும் ஒரே எண் பொருந்தாது என்பதற்காகவே ஐந்து நகரங்களில் ஆய்வு நடந்தது என்பதை யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

இந்தச் சான்றுக்கும் ஒரு குறை உண்டு. தொகுப்புகளில் அலுவலகங்களின் பங்கு மிகப் பெரியது. இந்திய வீடுகளுக்கான ஐமாக் மாதிரி எட்டு நகரங்களின் ஆய்விலிருந்து 2022-இல்தான் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே தையல் மெஷினில் உட்காருபவர், சமையலறையில் அடுப்பு முன் நிற்பவர், ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் இரவு தூங்க முயல்பவர் ஆகியோரின் வாக்குகள் இந்த லட்சத்துச் சொச்சம் பதிவுகளில் சொற்பம். உடலுழைப்பு அதிகமாகவும் காற்று குறைவாகவும் உள்ள அந்த இடங்களுக்கு அலுவலகச் சமன்பாட்டை நீட்டிப் போட்டால், தாங்கிக்கொள்வதை இதம் என்று கணக்கெழுதும் அபாயம் இருக்கிறது. அடுத்த தொகுப்புக்கான களப்பணி தொடங்க வேண்டிய இடங்கள் இவை.