சுவரொட்டியில் இல்லாத பெண்கள்

கள்ளக்குறிச்சியில் நான் வரலாறு நடத்தும் வகுப்பில் ஒருநாள் அந்தச் சுவரொட்டியைக் காட்டினேன். தலையில் சிவப்புத் துணி கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கும் பெண். 1943-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரையப்பட்டது. போர்க்கால ஆலைகளில் உழைத்த பெண்களுக்கு இன்று உலகெங்கும் அவள்தான் அடையாளம். கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "நம்ம நாட்டுல போர் வண்டி செஞ்ச பொம்பளைங்க யாரும் இல்லையா மேடம்?"

வண்டிகள் இங்கும் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது கனடா ஃபோர்டு நிறுவனத்தின் அடிச்சட்டங்கள் கப்பலில் வந்து இறங்கின. டாட்டாவின் கவசத் தகடுகளைக் கொண்டு ரயில்வே பணிமனைகள் அவற்றின்மேல் கூடு கட்டின. இப்படி 4,600-க்கும் மேற்பட்ட கவச வண்டிகள் உருவாயின. 'டாட்டாநகர்' என்பது அவற்றின் பட்டப்பெயர்.

பணிமனை வாசலில் மட்டும் தேடினால் அந்த மாணவிக்குப் பதில் கிடைக்காது. தகட்டுக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரியை ஆண் வெட்ட, பெண் கூடையில் அள்ளிச் சுமந்தாள். சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்குவதை அரசு 1929 முதல் படிப்படியாகக் குறைத்து, 1937-இல் முற்றிலும் தடுத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களுடைய கூலி போயிற்று.

1943-இல், அந்தச் சுவரொட்டி வரையப்பட்ட அதே ஆண்டில், போருக்கு நிலக்கரி போதவில்லை. தடை விலக்கப்பட்டது. அகில இந்தியப் பெண்கள் மாநாடு இதை எதிர்த்தது. தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அம்பேத்கர் 1944 பிப்ரவரியில் மத்திய சட்டமன்றத்தில் அரசின் முடிவை விளக்கினார். சம வேலைக்குச் சம கூலி என்ற நெறி அங்கே பெண்களுக்கு ஏற்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னார். போர் முடிந்து, 1946 பிப்ரவரியில் தடை திரும்பி வந்தது. நிலத்தடி வேலையோடு அந்தச் சம கூலியும் போயிற்று.

பெண்ணின் உடல்மீது காட்டிய அக்கறை நிலக்கரித் தேவையைப் பொறுத்து ஏறி இறங்கியிருக்கிறது. ஆபத்தான வேலைக்குள் தள்ளுவதும் அநீதி, மாற்று வழியில்லாமல் வெளியே தள்ளுவதும் அநீதி.

இதையெல்லாம் சொன்னபோது அந்த மாணவி தன் பாட்டியை நினைத்துக்கொண்டாள். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். "எங்க பாட்டி சுமந்ததும் எந்தக் கணக்குலயும் வரல மேடம்" என்றாள்.

அடுத்த வாரம் பாட்டியிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதி வந்தாள். இப்போது அந்தச் சுவரொட்டியைக் காட்டும் நாளில் அதையும் வகுப்பில் படிக்கிறோம்.