கண் தெரியாதவர் தொடங்கிய பத்திரிகை

போலீஸ் இலாகாவுக்கென்று ஒரு பத்திரிகை உண்டு என்றால், அதில் தொடர்கதை வருமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வராது. ஆனால் இங்கிலாந்தில் அப்படி ஒன்று பிறந்ததில் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் பங்கு உண்டு.

'டாம் ஜோன்ஸ்' எழுதிய ஹென்றி ஃபீல்டிங், லண்டனில் பௌ வீதி மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அந்நாளில் அங்கே ஒழுங்கான போலீஸ் படை கிடையாது. திருட்டுப் போனால் கூச்சல் போடவேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் துரத்தவேண்டும். 1285-லேயே சட்டமாகிவிட்ட வழக்கம் இது. கிராமத்துக்குச் சரி. லட்சக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து வாழும் பட்டணத்தில் யார் கூச்சல் யார் காதில் விழும்? திருட்டுக் கொடுத்தவர்கள் திருடனின் அடையாளத்தையும், நேரத்தையும், இடத்தையும் உடனே தமக்குத் தெரிவிக்கவேண்டும் என்று, 1752-இல் தாம் நடத்திய 'கோவென்ட் கார்டன் ஜர்னல்' பத்திரிகையில் ஃபீல்டிங் கேட்டுக்கொண்டார்.

1754-இல் அவர் காலமானார். மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தம்பி ஜான் அந்த நாற்காலியில் அமர்ந்தார். பத்தொன்பதாவது வயதிலேயே பார்வையை இழந்தவர் ஜான். மூவாயிரம் திருடர்களைக் குரலைக் கொண்டே இனம் கண்டுகொள்வார் என்று சொல்வார்கள். முகம் பார்த்தறியாத இந்த மனிதர்தான், 1772-இல், தப்பி ஓடியவர்களின் அங்க அடையாளங்களை அச்சடித்து நாடெங்கும் உள்ள மாஜிஸ்திரேட்டுகளுக்கு அனுப்பலானார்!

பிற்பாடு அந்தத் தாள் 'ஹ்யூ அண்ட் க்ரை' என்று பழைய கூச்சலின் பெயரையே சூட்டிக்கொண்டது. 1828-இல் 'போலீஸ் கெஜட்' ஆயிற்று; 1883-இல் ஸ்காட்லண்டு யார்டின் பொறுப்புக்கு வந்தது.

திருடர்களோடு, பட்டாளத்தை விட்டு ஓடிய சிப்பாய்களும் அதில் இடம் பெற்றார்கள். பெயர், வயது, உயரம், தலைமயிரின் நிறம், பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், ஓடிய தேதி எல்லாம் இருக்கும். ஏன் ஓடினான் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. தாய் நோயாகக் கிடந்தாளோ, சாட்டையடிக்குப் பயந்தானோ, யார் கண்டது? சர்க்காருக்கு அது தேவையில்லை. ஆளைப் பிடிக்க அடையாளம் போதும்.

ஃபீல்டிங்குக்கு இரண்டும் தெரிந்திருந்தது. பகலில் குற்றவாளிகளை விசாரித்துச் சிறைக்கு அனுப்பியவர், தம் கதாநாயகனைத் தூக்குமேடைக்கு அருகே கொண்டுபோய், அவன் தரப்பையும் நம்மைக் கேட்க வைத்தாரே! அந்த இரண்டாவது வேலை இன்னும் எங்கள் தலையில்தான் இருக்கிறது.